காதுக்கு முன்னால் பாஸ்போர்ட்: கொரியப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியரின் ‘ஆக்சென்ட்’ எப்படித் தேர்வாகிறது?

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவை. ஒரு பட்டம் போதும், எந்தப் பாடமானாலும் சரி. தங்க வீடு உண்டு, சம்பளமும் மோசமில்லை. இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கப் போகிறவரை அடுத்த வரி நிறுத்திவிடும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கள் மட்டும். சில விளம்பரங்களில் ‘வட அமெரிக்க ஆக்சென்ட் உள்ளவருக்கு முன்னுரிமை’ என்று இன்னொரு வரியும் இருக்கும். எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.வும் அதற்கு மேல் பி.எட்.டும் முடித்தவருக்கு இதைப் பார்த்தால் குழப்பம் வரத்தான் செய்யும். டெக்சாஸில் புவியியல் படித்தவர் போகலாம், நான் போகக் கூடாதா?

இந்த விவகாரத்தில் ‘ஆக்சென்ட்’ என்ற சொல்தான் அதிகம் அடிபடுகிறது. ஆனால் ஆள் எடுக்கும் முறையைப் படிப்படியாகப் பார்த்தால் ஒன்று தெரியும். விண்ணப்பிக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர், அவர்கள் குரலை யாரும் கேட்பதற்கு முன்பே கழிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

முதலில் சில சொற்கள்

நெல்லைக்காரர், கோவைக்காரர், யாழ்ப்பாணத்தவர் மூவரும் ஒரே வாக்கியத்தை வாசித்தாலும் யார் எந்த ஊர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுதான் ஆக்சென்ட். அது இல்லாதவர் உலகத்தில் யாரும் கிடையாது. ‘அவர் ஆக்சென்ட் இல்லாமல் பேசுகிறார்’ என்று சொன்னால், கேட்பவருக்குப் பழகிப்போன ஆக்சென்டில் பேசுகிறார் என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எளிது.

‘வொனொமின்’ என்பது கொரியாவில் தினமும் காதில் விழும் சொல். ஒரு மொழியைப் பிறப்பிலிருந்தே பேசுபவர் என்று பொருள். பள்ளிப் பேச்சில் ‘வொனொமின் ஆசிரியர்’ என்றால் ஆங்கிலம் சொல்லித்தர வந்த வெளிநாட்டவர்.

‘ஹாக்வொன்’ என்பது தனியார் டியூஷன் மையம். நம் ஊர் டியூஷன் சென்டரைவிடப் பெரிய வியாபாரம் இது. மழலைப் பிள்ளைகள் முதல் வேலை தேடும் பட்டதாரிகள் வரை இங்கே வருவார்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் திட்டத்துக்கு ‘எபிக்’ என்று பெயர். 1995-இல் தொடங்கியது, கல்வி அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான நுழைவுச்சீட்டு ஈ-2 விசா. அந்த ஏழு நாட்டுப் பட்டியல் இந்த விசாவில் வருவது. விசாவைக் கையாள்வது நீதி அமைச்சகத்தின் குடிவரவுப் பிரிவு. அதாவது யார் நல்ல ஆங்கிலம் பேசுபவர் என்ற முதல் தீர்ப்பை எழுதுவது கல்வித் துறை கிடையாது.

இன்னொன்று. அரசுப் பள்ளிக்கு வரும் வெளிநாட்டவரின் பதவிப்பெயர் ‘உதவி ஆசிரியர்’. வகுப்புக்குப் பொறுப்பு தகுதிச் சான்று பெற்ற கொரிய ஆசிரியர். வெளிநாட்டவர் அவரோடு சேர்ந்து வாரத்துக்கு 22 மணி நேரம் பாடம் எடுப்பார். இலக்கணத்தை விளக்கவும் தேர்வுக்குத் தயார் செய்யவும் கொரிய ஆசிரியர் இருக்கும்போது, வெளிநாட்டவரிடம் பள்ளி எதிர்பார்ப்பது பெரும்பாலும் அவருடைய குரலைத்தான். வேலையே குரல் என்று ஆகிவிட்டால், எந்தக் குரல் என்ற பேச்சு எழாமல் இருக்காது.

மூன்று சல்லடைகள்

1. பாஸ்போர்ட். ஆக்சென்டை அளக்கக் கொரியாவில் எந்தச் சோதனையும் கிடையாது. அளக்க முடியாததற்குப் பதிலாகக் குடியுரிமையை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயிற்றுமொழி ஆங்கிலம், ஆனாலும் சிங்கப்பூர் பட்டியலில் இல்லை. ஜமைக்கா இல்லை, நைஜீரியா இல்லை. ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் அக்கா தங்கை இருவர் என்று வைத்துக்கொள்வோம். அக்கா கொழும்பிலேயே இருந்து சர்வதேசப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவர். தங்கை சின்ன வயதில் டொரன்டோ போய், அங்கேயே படித்து, கனடியக் குடியுரிமை பெற்றவர். தங்கைக்கு விசா கிடைக்கும், அக்காவுக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. பட்டியலில் உள்ள நாடுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. தென்னாப்பிரிக்கர்களும் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர்களும் 7-ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில்தான் படித்தோம் என்று தனியாக நிரூபிக்க வேண்டும்.

2. புகைப்படம். கொரியாவில் வேலை விண்ணப்பத்தோடு படம் ஒட்டுவது நெடுநாள் வழக்கம். இந்தப் படத்தில்தான் இரண்டாவது வடிகட்டல் நடக்கிறது. கறுப்பின அமெரிக்கர்களும் தெற்காசிய வம்சாவளி பிரிட்டிஷ்காரர்களும் பாஸ்போர்ட்டைத் தாண்டி வந்து இங்கே தட்டி விழுகிறார்கள். இதைவிட வேடிக்கை, கொரிய வம்சாவளி அமெரிக்கர்களின் நிலை. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்தவர்கள், பள்ளி கேட்கும் அதே கலிஃபோர்னிய ஆங்கிலம் அவர்கள் வாயில் இருக்கிறது. ஆனால் முகம் கொரிய முகம். ‘இவர் வொனொமின் மாதிரி தெரியவில்லையே’ என்ற தயக்கத்தை இவர்கள் நிறையவே சந்தித்திருக்கிறார்கள்.

3. தொலைபேசி. கடைசியில்தான் குரல். சிறிய நேர்காணல், இப்போதெல்லாம் வீடியோவில். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய பக்கத்து ஆட்களுக்கு ‘உங்கள் பேச்சு பிள்ளைகளுக்குப் புரியாது’ என்ற பதில் இந்தக் கட்டத்தில் வரும். உண்மையான ஆக்சென்ட் பாகுபாடு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். மூன்றிலும் சிறியதும் இதுவே.

இந்தச் சல்லடைகளில் எதுவும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இல்லை. எப்போதாவது யாராவது கைதவறி எழுதிவிட்டால்தான் வெளியே வரும். 2014-இல் தலைநகர் சோலில் வேலை தேடிய அயர்லாந்துப் பெண் ஒருவருக்கு அப்படி ஒரு பதில் வந்தது. ‘உங்கள் இனத்தாரின் குடிப்பழக்கம்’ காரணமாக அயர்லாந்துக்காரர்களை எடுப்பதில்லை என்று ஆள்சேர்ப்பு ஏஜென்ட் எழுத்திலேயே அனுப்பிவிட்டார். உலகச் செய்தியானது. அயர்லாந்து அந்த ஏழு நாடுகளில் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்கக் காது எங்கிருந்து வந்தது?

1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததும் கொரியாவின் தென்பகுதியை மூன்றாண்டுகள் ஆண்டது அமெரிக்க ராணுவ நிர்வாகம். கொரியப் போருக்குப் பிறகும் படை போகவில்லை. இன்றும் சுமார் 28,500 அமெரிக்கப் படையினர் அங்கே இருக்கிறார்கள். படையினருக்காக நடந்த ஏ.எஃப்.கே.என். தொலைக்காட்சி சாதாரண வீட்டு டிவியிலும் தெரிந்ததால், அதைப் பார்த்தே ஆங்கிலம் பழகிய ஒரு தலைமுறை உண்டு. மேற்படிப்புக்குப் போனவர்களும் பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போனார்கள். ஆங்கிலம் என்றால் அமெரிக்க ஆங்கிலம் என்று ஆனது இப்படித்தான்.

1990-களில் அதிபர் கிம் யங்-சாம் உலகமயமாதலை அரசின் முழக்கமாக்கினார். 1997-இல் 3-ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. அதன்பின் உச்சரிப்பு ஒரு தேசிய ஏக்கமாகவே ஆனது. கொரிய மொழியில் ‘ஃப’ ஒலி இல்லை. காபி ‘கொப்பி’ ஆகும். ‘ர’, ‘ல’ இரண்டுக்கும் ஒரே எழுத்து. (‘ஃப’ விஷயத்தில் நாமும் அதே படகுதான். ஆய்த எழுத்தைக் கூட்டு சேர்த்துச் சமாளிக்கிறோம்.) ‘ர’கரம் நன்றாக வர வேண்டும் என்று பிள்ளைகளின் நாக்கடித் தசையை அறுவை செய்துவிடும் பெற்றோர் பற்றி 2000-களின் தொடக்கத்தில் செய்திகள் வந்தன. நாக்கு நீளத்துக்கும் ‘ர’கரத்துக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் வளர்ந்த கொரியப் பிள்ளைகள் எந்தக் கத்தியும் படாமல் அதைச் சொல்கிறார்கள். நாட்டின் மனித உரிமை ஆணையமே 2003-இல் தயாரித்த ஒரு தொகுப்புப் படத்தில் ஒரு பகுதியை இந்த அறுவைக்கு ஒதுக்கியது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

2008 ஜனவரியில் நடந்த ஆரஞ்சு விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். அதிபராகத் தேர்வாகியிருந்த லீ மியங்-பாக்கின் ஆட்சி மாற்றக் குழுவுக்குத் தலைவர் லீ கியங்-சுக், ஒரு பல்கலைக்கழகத் தலைவர். பள்ளி ஆங்கிலத்தைச் சீர்திருத்துவது பற்றிய பொதுக்கூட்டத்தில் அவர் சொன்னது இதுதான்: அமெரிக்காவில் ‘ஒரெஞ்சி’ என்று கேட்டேன், யாருக்கும் புரியவில்லை, ‘ஒரிஞ்சி’ என்றதும் புரிந்தது. ஆகவே ஆங்கிலச் சொற்களைக் கொரிய எழுத்தில் எழுதும் விதியையே மாற்ற வேண்டும். நாடே சிரித்தது. பல நாள் கேலிச்சித்திரங்களில் ஆரஞ்சுப் பழம் உருண்டது. ஆனால் அவர் அடியில் வைத்திருந்த எண்ணத்தை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. புரிய வைக்கும் பொறுப்பு முழுக்கப் பேசுபவருடையது, கேட்கும் அமெரிக்கருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்ற எண்ணம் அது. ஆசிரியர் தேர்வில் வேலை செய்வதும் அதேதான்.

அப்புறம் தேர்வு. ‘சுனுங்’ எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நடக்கும். ஆங்கிலத் தாளில் மொத்தம் 45 கேள்வி, அதில் 17 கேட்டு விடையளிப்பவை. அந்தப் பகுதி ஓடும்போது சத்தம் வரக்கூடாது என்று நாடு முழுக்க 35 நிமிடம் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வானத்தில் இருப்பவை உயரத்திலேயே வட்டமடிக்கும். அவ்வளவு அமைதியில் ஒலிபெருக்கியில் வருவது அமெரிக்க உச்சரிப்பு. பெற்றோர் ஹாக்வொனில் கேட்பது இந்தக் குரலைத்தான். அவர்கள் கணக்கில் தவறில்லை. பிழை கேள்வித்தாளில் இருக்கிறது.

இதற்கு மறுபக்க ஆதாரமும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் டொயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் 2006 முதல் அமெரிக்காவோடு பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளும் வரத் தொடங்கின. அதன்பின் பயிற்சிப் புத்தகங்களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புக்குத் தனிப் பயிற்சி முளைத்தது. அதுவரை கண்டுகொள்ளாத குரல்களுக்கு ஒரே தேர்வு மாற்றத்தில் மதிப்பு வந்துவிட்டது.

பிள்ளைகளுக்குப் புரியாது என்பது உண்மையா?

மொழியியலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த மரே மன்றோவும் டிரேசி டெர்விங்கும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியம்.

1. பேச்சு எவ்வளவு வேறுபட்டு ஒலிக்கிறது என்பது ஒன்று.
2. அதைப் புரிந்துகொள்ளக் கேட்பவர் எவ்வளவு சிரமப்படுவதாக உணர்கிறார் என்பது இரண்டாவது.
3. உண்மையில் எவ்வளவு புரிந்தது என்பது மூன்றாவது.

மூன்றும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. ‘கனத்த ஆக்சென்ட்’ என்று மதிப்பிட்ட பேச்சையே கேட்டவர்கள் சொல்லுக்குச் சொல் சரியாக எழுதிக் காட்டினார்கள். ஆள் எடுப்பவர் முதலாவதைக் கேட்டுவிட்டு மூன்றாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் நடத்தி 1992-இல் வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு விரிவுரையை ஒலிப்பதிவில் போட்டுக் காட்டினார். குரல் ஒன்றே, அமெரிக்கப் பெண்ணின் குரல். ஒரு பிரிவினருக்கு விரிவுரையாளர் என்று வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், இன்னொரு பிரிவினருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் திரையில் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், அந்தக் குரலில் இல்லாத வெளிநாட்டு ஆக்சென்ட் இருப்பதாகச் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை, விரிவுரையிலிருந்து கேட்ட கேள்விகளுக்கும் குறைவாகவே சரியான விடை எழுதினார்கள்.

இப்போது இரண்டாவது சல்லடைக்குத் திரும்பிப் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்கு உட்காருகிறவர் எதைக் கேட்பார்? ‘ஆக்சென்ட் சரியில்லை’ என்று அவர் மனமறிந்து பொய் சொல்ல வேண்டியதில்லை. அவர் காதில் அப்படியே விழுந்திருக்கலாம். வீடியோ நேர்காணல் வந்தபின் படமும் குரலும் ஒன்றாகவே வருகின்றன, பிரிக்கவும் வழியில்லை.

தொலைபேசியில் ஆகும், வகுப்பில் ஆகாது

பிலிப்பீன்ஸ் ஆசிரியர்கள் கதை இந்த முரணை நன்றாகக் காட்டும். செபூவிலும் பாகியோவிலும் உள்ள ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கொரிய மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படிக்கிறார்கள். சோலில் வீட்டில் இருந்தபடியே தினமும் பத்து, இருபது நிமிடம் ‘தொலைபேசி ஆங்கிலம்’ பழகுகிறவர்களில் பலருக்கு மறுமுனையில் பேசுபவர் பிலிப்பீன்ஸ்காரர். கட்டணம் குறைவு. ஆனால் அதே ஆசிரியர் சோலுக்கு வந்து வகுப்பில் நிற்க ஈ-2 விசா கிடைக்காது. கொரியரை மணந்து குடியேறிய பிலிப்பீன்ஸ் பெண்கள் மட்டும் திருமண விசாவில் சட்டப்படி கற்பிக்கலாம். பதிவில் கேட்டாலும் தொலைபேசியில் கேட்டாலும் ஏற்கத்தக்க ஆக்சென்ட், ஆள் நேரில் வந்து முழுச் சம்பளம் கேட்கும்போது மட்டும் கெட்டுப்போகிறது. இதை மொழிப் பிரச்சினை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியருக்கு ஒரு சிறு கதவு

இது பலருக்குத் தெரியாது. இந்தியாவும் தென் கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்ட விரிவான பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கார் உதிரிபாகங்களுக்கும் இரும்புக்கும் வரி குறைத்த அதே ஒப்பந்தத்தில், தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக இந்தியர் வரலாம் என்றும் இருக்கிறது. ஆக, ஏழு நாட்டுப் பட்டியல் மொழியியல் ஆராய்ந்து கல்லில் செதுக்கியது என்று நினைக்க வேண்டாம்; வணிகப் பேச்சுவார்த்தையில் எட்டாவது நாட்டுக்கு இடம் வந்திருக்கிறது.

ஆனால் கதவு ஒரே அளவு இல்லை. ஏழு நாட்டவருக்கு ஹாக்வொனில் சேர ஏதாவது ஒரு பட்டம் போதும். இந்தியருக்குப் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் வேண்டும். இந்தியருக்கு அனுமதி பள்ளிக்கு மட்டும், ஹாக்வொனுக்குச் செல்லாது. தகுதி கூடுதலாகக் கேட்டு, இடத்தைக் குறைத்திருக்கிறார்கள். தவிர, ஒப்பந்தம் விசாவைத்தான் தரும். எந்தப் பள்ளியும் இந்தியரை எடுத்தாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அங்கே மறுபடி படமும் தொலைபேசியும்.

சட்டம் ஏன் உதவுவதில்லை?

கொரியாவில் தொழிலாளர் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் தர நிலைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு தேசியத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அது வேலையில் சேர்ந்துவிட்டவருக்குத் துணை; வாசலில் நிற்பவருக்கு இல்லை. 2019-இல் ஆள்சேர்ப்பு நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, விண்ணப்பதாரரின் தோற்றம், உயரம், எடை, சொந்த ஊர், திருமணநிலை போன்றவற்றைக் கேட்கக் கூடாது என்றார்கள். அது 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். தெருமுனை ஹாக்வொனில் அத்தனை பேர் ஏது? படம் ஒட்டச் சொல்வதையும் அந்தத் திருத்தம் தடுக்கவில்லை.

2001-இல் அமைந்த மனித உரிமை ஆணையம் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரிலான பாகுபாட்டை விசாரிக்கும். பரிந்துரைதான் செய்யும், கட்டாயப்படுத்த முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் பொதுவான பாகுபாடு தடுப்புச் சட்டத்துக்கு 2007-இல் முதல் மசோதா வந்தது. அதன்பின் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. பாலின ஈர்ப்பு பற்றிய பிரிவுக்குப் பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்புகள் காட்டிய எதிர்ப்பு அதற்கு முக்கியக் காரணம். ஆங்கில ஆசிரியர்கள் அந்தச் சண்டையில் எங்கோ ஓரத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

வெளியிலிருந்து வந்த அழுத்தம் ஒருமுறை பலித்திருக்கிறது. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தார்கள், அதே வேலை செய்யும் கொரியருக்கு அது இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு ஆசிரியை மறுத்து, ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவிடம் போனார். கொரியா 1978-லேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. 2015-இல் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2017-இல் சோதனை கைவிடப்பட்டது. ஆனால் அவரால் புகார் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் ஏற்கெனவே கொரியாவில் வேலையில் இருந்தார், சோதனை எழுத்துப்பூர்வமான விதியாக இருந்தது. ‘குரல் பிடிக்கவில்லை’ என்று சென்னையில் இருப்பவருக்கு வராமல் போன பதிலை எந்தக் குழுவிடம் காட்டுவது?

பள்ளிகள் தரப்பும், அதன் விலையும்

பள்ளிகள் சொல்வதில் ஒரு பகுதி நியாயம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு ஒலிமாதிரி நிலையாக இருப்பது நல்லது. மாதம் ஒரு ஆக்சென்ட் மாறினால் தடுமாறும். ஆனால் அந்த மாதிரியை ஒலிப்பதிவு தருகிறது, பாடப்புத்தகத்தோடு வருகிறது. ஆசிரியரிடம் பிள்ளைக்கு வேண்டியது, தான் சொன்னது புரியாதபோது வேறு மாதிரி சொல்லிப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். அந்தத் திறமை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் அச்சாகி வருவதில்லை.

இதில் கொரிய ஆசிரியர்களுக்கு விழும் அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டப்படி வகுப்பு அவர்களுடையது. ஆனால் பெற்றோர் கண்ணில் ‘உண்மையான ஆங்கிலம்’ பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர், கல்லூரி முடித்து நேற்று வந்தவர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் நிலை அப்படி வருவதுதான்.

படித்து முடித்த பிள்ளை பிறகு யாரோடு ஆங்கிலம் பேசப் போகிறது? ஹூண்டாய் 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. அங்கே கொரிய மேலாளரும் தமிழ்ப் பொறியாளரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவரில் ஒருவரும் கலிஃபோர்னியாவைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மேலாளர் காதுக்கு முதல் சில மாதம் கஷ்டம். பள்ளியில் கேட்டே இராத குரல்.

விண்ணப்பிக்க நினைப்பவர் கவனத்துக்கு

இந்தியக் குடியுரிமை உள்ளவர் பி.எட். அல்லது அதற்கு இணையான ஆசிரியர் தகுதியில் ஆங்கிலம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டச் சான்றுக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான அரசு முத்திரை) தேவைப்படும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. ஈ-2 விசா குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலத்தின் நடுவே வேறிடம் மாறப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஹாக்வொனில் ஈ-2 வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், அப்படி ஒரு விசா வகையே கிடையாது.